ஆதிகங்கைக் கரையில் தமிழ்த் திரை

வங்கத்தில் வாழும் தமிழர்களாகிய நாம், நமக்கும் இந்நாட்டுக்கும் உள்ள பழந்தொடர்பைப் பேசப் புகும்போது சில செய்திகளையே திரும்பத் திரும்பக் கூறி வருகின்றோம். இராசேந்திர சோழன் படை கங்கைவரை வந்ததைச் சொல்லுவோம். மகாகவி பாரதியார் நிவேதிதா தேவியாரைக் கண்டு அவரைத் தம் ஞானகுருவாகக் கொண்டதைச் சொல்லுவோம். இவை போற்றத்தக்க செய்திகளே. ஆயினும் இவற்றைவிட அண்மைக் காலத்தில், நம் பாட்டனார் வாழ்ந்த நாளில் நிகழ்ந்த ஒன்றை நாம் ஏறக்குறைய மறந்தே விட்டோம். தமிழ்ப் பேசும்படம் தன் இளமையின் ஒரு பகுதியை இந்நகரிலேதான் கழித்தது என்பதே அச்செய்தி.

ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை என்று தலைப்பிட்டுவிட்டுச் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு என் பணிவான விடை இது: கோயிலும் கல்வெட்டும் ஓர் இனத்தின் வரலாறு என்றால், அவ்வினத்து மக்கள் கோடிக்கணக்கில் கூடிக் கண்டு அழுததும் சிரித்ததும் வரலாறே. கல்வெட்டு நின்று நிலைக்கும். படச்சுருளோ எளிதில் எரியும், உளுத்துப் போகும். ஆதலின் இவ்வரலாற்றை எழுதி வைக்க வேண்டிய கடமை நமக்கு மிகுதி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் எளியேன், அறிந்த அளவில் அதனை இங்கே தொகுத்துரைக்க முற்படுகின்றேன். 2001-ஆம் ஆண்டு முதல் இந்நகர் கொல்கத்தா என்று வழங்கப்பட்டு வருகின்றது. எனினும் பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து அக்காலப் பெயராகிய கல்கத்தாவையே ஆளுகின்றேன்.

ஏன் கல்கத்தா?

தமிழ்ப் பேச்சு ஒலித்த முதற் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. அது எடுக்கப்பட்ட இடம் பம்பாய். சென்னையில் அந்நாளில் ஒலிப்பதிவு வசதியுடைய ஸ்டுடியோ ஒன்றுகூட இல்லை. 1934-இல் ஏ. நாராயணன் அவர்கள் சீனிவாசா சினிடோனை நிறுவிய பின்னரே சென்னை மண்ணில் பேசும்படம் எடுக்க வழி பிறந்தது. அங்கே ஒலிப்பதிவுப் பணியை ஏற்றவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

அதுவரையில், அதற்குப் பின்னும் சில ஆண்டுகள், தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர் மூட்டை முடிச்சுகளுடன் வடக்கே புறப்பட வேண்டியிருந்தது. அவ்வாறு புறப்பட்டவர்க்குப் பம்பாய் ஒரு வழி, கோலாப்பூர் ஒரு வழி, கல்கத்தா ஒரு வழி. கல்கத்தாவில் பி. என். சர்க்கார் அவர்கள் 1931-இல் நியூ தியேட்டர்ஸ் என்னும் புகழ்மிக்க நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி எழுந்தது. பயோனியர் ஸ்டுடியோவும் இருந்தது. நகரின் தெற்கே ஆதிகங்கை ஓடும் டாலிகஞ்ச் பகுதி படக் கலைஞரின் பேட்டையாயிற்று. அங்கே ஒலிப்பதிவுப் பொறிகளை அமைக்க வந்திருந்த வில்போர்டு டெமிங் என்ற அமெரிக்கப் பொறியாளர், தம் நாட்டு ஹாலிவுட்டை எண்ணி, 1932-இல் அவ்விடத்தை ‘டாலிவுட்’ என்று விளையாட்டாக எழுதினார். இன்று உலகெங்கும் ஒவ்வொரு திரைப்பட நகருக்கும் ஒரு ‘வுட்’ சேர்த்து வழங்குகின்றார்களே, அந்த வழக்கம் நம் டாலிகஞ்சில் முளைத்ததாகும்.

இங்கே இரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு சொல். ஸ்டுடியோ இருந்தால் மட்டும் போதுமா? நடிகர், நடிகையர், பக்கவாத்தியக்காரர், சமையற்காரர், உடைப் பெட்டிகள் ஆகிய யாவும் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து சேர வேண்டும். கோதாவரியின் மீது ஹேவ்லாக் பாலம் 1900-இல் திறக்கப்பட்டது. கிருஷ்ணை, மகாநதி முதலிய பேராறுகளின்மேலும் பாலங்கள் அமைந்தன. வால்டேர்வரை ஒரு கம்பெனியும், அதிலிருந்து ஹவுராவரை பெங்கால் நாகபுரி இரயில்வேயுமாக வண்டிகள் ஓடலாயின. தமிழ்த் திரை இளமையில் ஏறிவந்த தொட்டில் இந்த இருப்புப் பாதையே என்றால் மிகையாகாது. 1977 முதல் ஓடும் கோரமண்டல் விரைவு வண்டியில் ஓர் இரவு உறங்கி எழுந்து ஊர் சேரும் நாம், அந்நாளைய கலைஞர் பட்ட பயண அலுப்பைக் கற்பனை செய்தே அறிய வேண்டும்.

வந்தவர்கள் யாவர்?

முதலிற் குறிப்பிடத்தக்கவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-இல் பிறந்த இவர் திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். 1905-இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் பொறியை விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டினார். பின்னர்க் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையை எழுப்பினார். அவரே 1933-இல் கல்கத்தா பயோனியர் நிறுவனத்தாரோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ படத்தைத் தயாரித்தார். டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் பெரும் பொருள் ஈட்டியது. இரயில்வே எழுத்தர் ஒருவர் தமிழ்த் திரைக்கு வழிகாட்டியாய் விளங்கினார் என்பதில் என் போன்றோர்க்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பேயன்றோ!

அடுத்து வந்தவர் சேலம் டி. ஆர். சுந்தரம். ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற பெயரில் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ முதலிய படங்களை அவரும் அவர்தம் கூட்டாளிகளும் இங்கே எடுத்தனர். காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தம் முதற் படமாகிய ‘அல்லி அர்ச்சுனா’வை 1935-இல் இந்நகரிலேயே எடுத்துப் பொருள் இழந்தார். இவ்விருவரும் பின்னாளில் என்ன செய்தனர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்னவர் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸையும், பின்னவர் ஏவி.எம். நிறுவனத்தையும் நாட்டினர். தமிழகத்தின் இரு பெரும் படக்கூடங்களைக் கட்டியவர்கள், படக்கூடம் என்றால் எவ்வாறு இருக்கும் என்பதைப் பொருள் செலவழித்துக் கற்ற பள்ளிகளுள் ஒன்று இந்நகரம்.

அமெரிக்க இளைஞர் வருகை

இப்பள்ளியில் பாடம் பயின்றவர் தமிழர் மட்டும் அல்லர். 1909-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஓஹையோ மாகாணத்தில் பார்ட்டன் என்ற ஊரில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற இளைஞரும் இங்கேதான் தமிழ்ப் படத்தின் அரிச்சுவடியைக் கற்றார்.

டங்கன் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றவர். ஹாலிவுட்டின் வாயிலிலேயே அமைந்த கல்விக்கூடம் அது. அங்கே அவருடன் படித்தவர் மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியர். டாண்டன் தாயகம் திரும்பிப் படத்தொழிலில் இறங்கியபோது, இந்தியாவுக்கு வந்து பார்க்குமாறு தம் கல்லூரி நண்பர்களை அழைத்தார். டங்கனும் மைக்கேல் ஓர்மலேவ் என்ற மற்றொரு நண்பரும் 1935-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினர். சில மாதங்கள் தங்கித் திரும்புவதே அவர்கள் எண்ணம். விதி வேறு எண்ணியது. டங்கன் இந்நாட்டில் பதினைந்து ஆண்டுகள் தங்கினார்.

அவர் வந்தபோது டாண்டன் கல்கத்தாவில் ‘நந்தனார்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்த படம் அது. சுந்தராம்பாளுக்கு அதில் ஓர் இலட்ச ரூபாய் ஊதியம் என்று நாடெங்கும் பேச்சு. டங்கன் நண்பரின் அருகிருந்து பணியைக் கண்டார். சில காட்சிகளைத் தாமே இயக்கியும் பழகினார். ஓஹையோவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், வங்காளிகள் நடத்தும் படக்கூடத்தில், பஞ்சாபி நண்பர் அருகில் நின்று, தில்லை சென்று கூத்தனைக் காணத் துடித்த புலையனாரின் கதையைத் தமிழில் கேட்கின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இத்தகைய விந்தை அந்நாளைய டாலிகஞ்சில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

டாண்டனின் பரிந்துரையால் டங்கனுக்குத் தனித்து இயக்கும் வாய்ப்புக் கிட்டியது. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய கதையைத் தழுவிய ‘சதி லீலாவதி’ 1936-இல் வெளிவந்தது. குடியின் கேட்டை விளக்கும் அந்தச் சமூகப் படத்தில் எம். கே. ராதா கதாநாயகர். டி. எஸ். பாலையா, என். எஸ். கிருஷ்ணன், சிறு வேடத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் அப்படத்தில்தான் திரையில் முதன்முதலாகத் தோன்றினர். பின்னாளில், 1977 முதல் 1987-இல் மறையும்வரை, சிறிது இடைவெளி நீங்கலாகத் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கியவரைத் திரைக்கு அறிமுகம் செய்தவர் தமிழறியாத அமெரிக்கர் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது.

கல்கத்தாவில் அம்பிகாபதி

நம் நகரோடு டங்கனுக்கு அமைந்த உறவின் உச்சம் ‘அம்பிகாபதி’ ஆகும். சேலம் எம். எஸ். தொட்டண்ண செட்டியார் தயாரித்த இப்படம் ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனியின் ஸ்டுடியோவில் எடுக்கப்பெற்று 1937-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி. எம். ஆர். சந்தானலட்சுமி அமராவதி. செருகளத்தூர் சாமா கம்பர். டி. எஸ். பாலையா வஞ்சகன் உருத்திரசேனன். என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் நகைச்சுவைக்கு.

கதை நம் மூதாட்டியர் வாயிலாக நாம் கேட்டதே. கவிச்சக்கரவர்த்தி கம்பரின் மைந்தன் சோழ மன்னன் மகளைக் காதலிக்கின்றான். சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களை ஒரே மூச்சிற் பாடினால் உயிர் தப்பலாம் என்று மன்னன் நிபந்தனை விதிக்கின்றான். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறும் முடிந்தன என்று மகிழ்ந்து திரைக்கு வெளியே வருகின்றாள். அவளைக் கண்டதும் அவன் நா அவளைப் பாடிவிடுகின்றது. எண்ணிக்கையில் ஒன்று பிழைத்ததால் இரண்டு உயிர்கள் மாய்கின்றன. இதற்கு வரலாற்றுச் சான்று உண்டா என்று ஆராய்வது அறிஞர் வேலை. மக்கள் நெஞ்சம் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே படம் எடுப்பவனுக்குப் போதும்.

படம் எடுக்கும் முறையோ அந்நாளில் மிகக் கடினம். தமிழில் பின்னணி பாடும் வழக்கம் 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்திலிருந்தே தொடங்குகின்றது. ஆதலின் ‘அம்பிகாபதி’யில் பாகவதர் கேமராவின் முன்னே நடித்துக்கொண்டே பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர் காட்சியில் படாதவாறு ஒதுங்கி நின்று வாசிக்க வேண்டும். சுருதி பிசகினாலும் காட்சி வீண். யாரேனும் இருமினாலும் காட்சி வீண். போதாக்குறைக்கு, நடிகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கடைசி வரிசைக்குக் கேட்குமாறு உரக்கப் பேசிப் பழகியவர்கள். கேமராவும் கொட்டகையில் உட்கார்ந்த ரசிகனைப்போல ஓரிடத்தில் அசையாது நின்று பார்ப்பதே அதுவரை இருந்த வழக்கம்.

டங்கன் அந்தக் கேமராவை எழுப்பி நடக்க வைத்தார். நடிகரின் முகத்தருகே சென்று கண்ணின் சிறு அசைவைக் காட்டினார். உரத்த குரலைத் தணித்தார். சுவர் எழுதிய திரைகளை விட்டு வெளியிடங்களை நாடினார். ஹாலிவுட்டில் ஜார்ஜ் கியூக்கர் என்ற பெரும் இயக்குநர் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியத்’ நாடகத்தை 1936-இல்தான் படமாக்கியிருந்தார். அதே நாடகத்தின் காதற் காட்சிகளை வசன ஆசிரியருக்குக் காட்டி, அவற்றின் நயத்தைத் தமிழில் கொணருமாறு டங்கன் தூண்டினார் என்று திரை வரலாறு எழுதுவோர் கூறுவர். வெரோனா நகரத்து மாடமும் உறையூர் மாடமும் ஆதிகங்கைக் கரையில் சந்தித்தன என்று சொல்லலாம்.

அறியாமை செய்த நன்மை

இவ்விடத்தில் நான் சிறிது நின்று சொல்ல விரும்பும் கருத்து ஒன்று உண்டு. தமிழறியாத ஒருவர் தமிழ்ப் படத்தை இயக்குவது எவ்வாறு இயலும் என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். டங்கன் வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மொழியறிந்த உதவியாளரைத் துணைகொண்டு பணிபுரிந்தார். சொல்லின் பொருளை அவர் தாளிற் படித்தார். அச்சொல் உண்மையாகச் சொல்லப்படுகின்றதா என்பதை நடிகரின் முகத்திற் படித்தார். மொழி தெரிந்த இயக்குநர் காதால் மயங்கிக் கண்ணை மறந்த காலத்தில், மொழி தெரியாத இவர் கண்ணையே நம்ப வேண்டியவரானார். பாடலும் வசனமும் இனிதாக இருந்தால் படம் சிறந்தது என்று எண்ணிய நம்மவர்க்குக் காட்சியும் பேசும் என்று காட்டியவர் அவர்.

இதனினும் பெரிது மற்றொன்று. சொல்லைத் தாம் ஆள முடியாது என்பதை உணர்ந்த டங்கன், அதனை ஆளவல்லவரிடம் முழுமையாக ஒப்படைத்தார். ‘அம்பிகாபதி’யின் வசனத்தை எழுதியவர் ‘மணிக்கொடி’ எழுத்தாளர் குழுவைச் சார்ந்த இளங்கோவன். அவருடைய நடை தெளிவும் வீறும் உடையது. அப்படத்திற்குப் பின்னரே வசன ஆசிரியர் என்ற பெயருக்குத் திரையுலகில் தனி மதிப்பு உண்டாயிற்று என்பர். இளங்கோவன் பின்னர்க் ‘கண்ணகி’க்கு எழுதிப் பெரும் புகழ் எய்தினார். அவ்வழியிலே வந்ததுதான் 1950-களில் தமிழ்த் திரையை ஆண்ட வசன மரபு முழுவதும். தமிழ் அறியாத இயக்குநரின் படத்திலிருந்தே தமிழ் வசனத்தின் ஏற்றம் தொடங்கியது என்பது முரணாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் முரண் அன்று. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவனே தெரிந்தவனுக்கு இடம் கொடுப்பான்.

சென்னையில் வங்கக் கை

‘அம்பிகாபதி’க்குப் பின்னர் டங்கனின் பணி பெரும்பாலும் தமிழகத்தில் நிகழ்ந்தது. 1940-இல் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’ வெளிவந்தது. அதே ஆண்டு நாகசுர மேதை திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையைக் ‘காளமேக’மாக நடிக்க வைத்தார். போர்க் காலத்தில் அரசாங்கத்திற்காகச் செய்திப் படங்களும் எடுத்தார். 1945-இல் அவருடைய பணியின் சிகரமாகிய ‘மீரா’ வந்தது. சுப்புலட்சுமியின் முகத்தைச் சிலையாக வார்க்கச் செய்து, அதன்மீது பல கோணங்களில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்து, எக்கோணத்தில் எவ்வொளி பக்தியை வெளிப்படுத்தும் என்று முன்கூட்டியே ஆராய்ந்தார். நடிகையின் நேரத்தை வீணாக்காமலும் படச்சுருளைச் சேதப்படுத்தாமலும் கற்கும் வழி அது. இராசபுதனம் சென்று உதயபுரி முதலிய இடங்களில் உண்மையான அரண்மனைகளையும் ஏரிகளையும் படம் பிடித்தார். 1947-இல் ‘மீரா’ இந்தியில் வெளிவந்தபோது கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரே திரையில் தோன்றிச் சுப்புலட்சுமியை வடநாட்டு மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

நம் நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி இது: அந்த ‘மீரா’வை ஒளிப்பதிவு செய்தவர் ஜிதன் பானர்ஜி என்ற வங்காளி. சென்னை கீழ்ப்பாக்கத்தில் நியூடோன் ஸ்டுடியோவை நிறுவியவருள் அவரும் ஒருவர். தமிழர் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்த காலம் மாறி, வங்காளி சென்னைக்குச் சென்று தமிழருக்குப் படம் எடுத்துக் கொடுத்த காலம் வந்தது. இன்றும் நாம் கண்டு உருகும் மீராவின் முகம், அமெரிக்கர் அமைத்த ஒளியில், வங்கர் கைப்பிடித்த கேமராவில், மதுரைத் தமிழ்ப் பெண்மணி பாட உருவாயிற்று.

டங்கனின் இறுதிப் படங்கள் இரண்டும் மாடர்ன் தியேட்டர்ஸாருக்காக எடுக்கப்பெற்றவை. டாலிகஞ்சில் அலைந்து திரிந்து பாடம் கற்ற சுந்தரமும், டாலிகஞ்சிலேயே அரிச்சுவடி கற்ற டங்கனும் இவ்வாறு சேலத்தில் ஒன்று கூடினர். 1950-இல் வெளிவந்த ‘பொன்முடி’ பாவேந்தர் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்ற காவியத்தைத் தழுவியது. அதே ஆண்டில் வந்த ‘மந்திரி குமாரி’க்குக் கதை வசனம் மு. கருணாநிதி. கதைக்கு மூலம் குண்டலகேசி.

டங்கனிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ‘பொன்முடி’யின் காதற் காட்சிகள் எல்லை கடந்தன என்றும், அமெரிக்க நாகரிகத்தைத் தமிழ்க் குடும்பத்தில் புகுத்துகின்றார் என்றும் அந்நாளில் கண்டனம் எழுந்தது. கண்டனத்தை முழுவதும் தள்ளிவிடவும் இயலாது. நம் இல்லங்களில் அன்பு எவ்வாறு மறைந்து ஒழுகும் என்பதைப் பதினைந்து ஆண்டுகள் அயலாராக நின்று பார்த்தவர்க்கு முழுதும் விளங்கியிராது. அவர் கடைசிவரை தமிழைப் பேசக் கற்கவில்லை என்பதும் உண்மை. கண்ணால் அறியத்தக்கதை அவர் நிரம்ப அறிந்தார். காதால் மட்டுமே அறியத்தக்கது சிறிது எஞ்சியே நின்றது.

‘மந்திரி குமாரி’ முடிவதற்கு முன்பே அவர் தாயகம் திரும்பினார். எஞ்சிய பகுதியைச் சுந்தரம் முடித்தார். மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் குடியமர்ந்த டங்கன், அங்கே விளக்கப் படங்கள் எடுத்து வாழ்ந்து 2001-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மறைந்தார். கரண் பாலி என்பவர் 2013-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் ஒன்று எடுத்துள்ளார்.

மற்றோர் அயலார்

டங்கன் இந்தியாவை விட்டு நீங்கிய அதே காலத்தில், இந்நகரின் அருகே ஹூக்ளிக் கரையில் மற்றோர் அயலார் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரான்சில் பிறந்து, போர்க் காலத்தில் ஹாலிவுட்டில் பணியாற்றிய ஜீன் ரெனுவார் என்ற பேரியக்குநரே அவர். 1951-இல் வெளிவந்த ‘நதி’ என்ற அப்படத்தில், சென்னை அடையாற்றில் வளர்ந்த ராதா அவர்கள் பரதநாட்டியம் ஆடினார். ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் 2013 வரை பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கியவர் அவரே. ரெனுவாருக்கு இடங்களைச் சுற்றிக் காட்டிய வங்க இளைஞர் ஒருவர் 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’யை உலகிற்கு அளித்தார். சத்யஜித் ராயைத்தான் சொல்லுகின்றேன். அயலார் வந்து போவர். அவர் கற்றுக் கொடுத்ததும் நம்மிடம் கற்றுச் சென்றதும் மண்ணிலே விதையாய்க் கிடந்து பின்னர் முளைக்கும். டங்கன் விட்டுச் சென்ற விதையும் அத்தகையதே.

நாம் செய்ய வேண்டுவது

அன்பர்களே! லேக் மார்க்கெட்டில் வாழைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர் சூட்டப்பெற்ற டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் தமிழர் நம்மில் பலர். பாகவதர் நின்று பாடிய மண்ணின்மேல் நடக்கின்றோம் என்ற நினைவு நம் பிள்ளைகளுக்கு உண்டா? அவ்விடத்தில் தமிழில் எழுதிய சிறு பலகை ஒன்றுகூட என் கண்ணிற் பட்டதில்லை. அதற்காக அரசாங்கத்தைக் குறை கூறுவதில் பயன் இல்லை. நம் வரலாற்றை நாமே எழுதி வைக்காதபோது பிறர் எழுதுவர் என்று எதிர்பார்க்கலாகாது.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். முதலாவது, இந்நகரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய பாட்டுப் புத்தகம், புகைப்படம், கடிதம், நோட்டீசு ஏதேனும் கிடந்தால் அவற்றைத் திரட்டிப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். அந்நாளில் தென்னாட்டிலிருந்து வந்த கலைஞர்க்கு உணவளித்த வீடுகள், தங்க இடம் கொடுத்த வீடுகள் இருந்திருக்கும். அந்நினைவு முதியோரோடு மறைந்துவிடக் கூடாது. இரண்டாவது, கிடைக்கின்ற பழம் படம் ஒன்றைத் தேர்ந்து ஆண்டிற்கு ஒரு முறையேனும் வங்க நண்பர்களை அழைத்து அவர்களோடு அமர்ந்து காண வேண்டும். தம் நகரத்தார் தமிழுக்குச் செய்ததை அவர்களும் அறியட்டும்.

மூன்றாவது நம் இல்லத்தைப் பற்றியது. டங்கன் பதினைந்து ஆண்டுகள் தமிழரிடையே வாழ்ந்தும் தமிழ் பேசக் கல்லாமற் போனார் என்று நாம் குறை சொல்லுகின்றோம். முப்பது ஆண்டுகள் வங்கத்தில் வாழ்ந்தும் மீன் கடைக்கும் பேருந்துக்கும் வேண்டிய வங்காளிச் சொற்களுக்கு மேல் அறியாத தமிழர் நம்மிடையே எத்தனை பேர்? மறுபுறம், வங்காளியைச் சரளமாகப் பேசித் தமிழை எழுத்துக் கூட்டவும் அறியாத நம் பிள்ளைகள் எத்தனை பேர்? தன் மொழியை மறந்தவன் பிறர்க்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதவன். பிறர் மொழியை மறுத்தவன் பெற்றுக்கொள்ள வழியில்லாதவன். ஜிதன் பானர்ஜி கொடுத்தார், இளங்கோவன் கொடுத்தார், இருவரிடமும் பெற்றுத் தானும் கொடுத்தார் டங்கன். கொடுக்கவும் பெறவும் வல்லவர்களாக நம் பிள்ளைகள் இருகரையும் பற்றி வளர வேண்டும். புலம்பெயர்ந்த ஊரில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருப்பதன் பயன் அதுவே.

ஆதிகங்கை இன்று சுருங்கிக் கறுத்து ஓடுகின்றது. ஆயினும் அதன் கரையில் ஒரு காலத்தில் தமிழ் ஒலித்தது, நாடெங்கும் கேட்டது. அவ்வொலியை எழுப்ப உழைத்த தமிழர்க்கும் வங்கர்க்கும் கடல் கடந்து வந்த அந்த அமெரிக்கர்க்கும் இம்மலரின் வாயிலாக நம் நன்றி உரியதாகுக.

வாழ்க தமிழ்! வளர்க வங்க நாடு! ஓங்குக நம் சங்கம்!